பதிலைக் கேட்கிறோமா, சம்மதத்தைக் கேட்கிறோமா?

வேத பகுதி: எரேமியா 42, 43 அதிகாரங்கள்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, வாலிபர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு சகோதரி கைக்குழந்தையோடு வந்து நின்றார்கள். (அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) "பாஸ்டர், அவங்களுக்கு வளைகுடாவுல வேலை கிடைச்சிருக்கு. இது கர்த்தருடைய சித்தமான்னு ஜெபம் பண்ணிச் சொல்லுங்க" என்றார்கள்.

"எப்பம்மா போகணும்?"

"வர்ற 22-ஆம் தேதி பாஸ்டர். விசா வந்துட்டு. ஏஜென்டுக்குப் பணம் கட்டியாச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"சரிம்மா. கர்த்தர் வேண்டாம்னு சொன்னா டிக்கெட்டை ரத்து பண்ணிடுவீங்களா?"

சகோதரி பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரியமானவர்களே, அந்தச் சகோதரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். என்னுடைய கதையைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் இதே கேள்வியோடு ஒரு தீர்க்கதரிசியிடம் வந்த ஒரு கூட்டம் ஜனங்களைப் பார்ப்போம்.

1. முகம் ஏற்கெனவே திரும்பியாயிற்று

கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் விழுந்தது. தேவாலயம் எரிந்தது. ஜனங்களில் பெரும்பாலோரைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். தேசத்தில் ஏழைகள் கொஞ்சம்பேர் மீதியானார்கள். அவர்கள்மேல் கெதலியா என்பவனை நேபுகாத்நேச்சார் அதிகாரியாக வைத்தான். இஸ்மவேல் என்பவன் வந்து அந்தக் கெதலியாவை மிஸ்பாவிலே கொன்றுபோட்டான். அங்கே இருந்த கல்தேயரையும் கொன்றான். கரேயாவின் குமாரனாகிய யோகனான் மீதியான ஜனங்களை இஸ்மவேலின் கையிலிருந்து மீட்டான். ஆனாலும் அவர்களுக்குள்ளே ஒரு பயம். "நம்முடைய அதிகாரியைக் கொன்றுவிட்டார்களே என்று பாபிலோன் ராஜா நம்மேல் அல்லவா வருவான்!"

இப்போது எரேமியா 41-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைக் கவனமாய்ப் படியுங்கள். அவர்கள் எங்கே தங்கியிருந்தார்கள்? பெத்லெகேமுக்குப் பக்கத்திலே. மிஸ்பா எருசலேமுக்கு வடக்கே இருக்கிறது. பெத்லெகேம் எருசலேமுக்குத் தெற்கே இருக்கிறது. எகிப்துக்குப் போகிற வழியும் தெற்குதான். எகிப்துக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தோடேயே அங்கே தங்கினார்கள் என்று வேதம் வெளிப்படையாய்ச் சொல்லுகிறது. மூட்டை கட்டியாயிற்று, புறப்பட்டும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் 42-ஆம் அதிகாரம் ஆரம்பிக்கிறது. சிறியோர் முதல் பெரியோர் மட்டும் எல்லாரும் எரேமியாவிடம் வருகிறார்கள். "நாங்கள் போகவேண்டிய வழியைக் கர்த்தர் காட்டும்படி எங்களுக்காக ஜெபம் பண்ணும்" என்று கேட்கிறார்கள். வாயிலே ஜெபம்; கால் எகிப்து ரோட்டிலே!

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் எரேமியாவிடம் "உம்முடைய தேவன்" என்று சொல்லிக் கேட்கிறார்கள். எரேமியாவோ "உங்கள் தேவன்" என்று திருப்பிச் சொல்லுகிறார். தேவசித்தத்தை அறிவது பாஸ்டருடைய வேலை, ஊழியக்காரருடைய வேலை என்று நினைத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தானே? "நீங்க ஜெபம் பண்ணிச் சொல்லுங்க பாஸ்டர்." அருமையானவர்களே, உங்களுக்காக ஜெபிக்க நான் கடமைப்பட்டவன். ஆனால் உங்களுக்குப் பதிலாய்க் கீழ்ப்படிய என்னால் முடியாது.

2. பத்து நாள்

எரேமியா உடனே பதில் சொல்லவில்லை. பத்து நாள் சென்றபின்புதான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு உண்டாயிற்று (42:7). எரேமியா எத்தனை வருஷம் தீர்க்கதரிசனம் சொன்ன அனுபவசாலி! தனக்குத் தோன்றியதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஜனங்கள் அவசரப்பட்டார்கள், பயத்தில் இருந்தார்கள். ஆனாலும் தேவன் பேசும்வரைக்கும் தேவமனிதன் வாய் திறக்கவில்லை.

இந்தக் காலத்தில் நமக்குப் பத்து நிமிஷம் பொறுமை இல்லை. காலையில் செல்போனைத் திறந்தால் பத்து வாக்குத்தத்தம் வந்து கிடக்கிறது. நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு, "இன்றைக்குக் கர்த்தர் பேசிவிட்டார்" என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறோம். வசனம் தேவனுடைய வசனம்தான், சந்தேகமில்லை. விரல் நம்முடைய விரல் அல்லவா?

3. பதில் வந்தபோது

பத்து நாளுக்குப்பின் பதில் வந்தது. இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள். நான் உங்களைக் கட்டுவேன், நாட்டுவேன், பாபிலோன் ராஜாவுக்குப் பயப்படவேண்டாம், நான் உங்களோடு இருக்கிறேன் என்றார் கர்த்தர். எகிப்துக்குப் போனால் எந்தப் பட்டயத்துக்குப் பயந்து ஓடுகிறீர்களோ அதே பட்டயம் அங்கேயும் வரும் என்றும் எச்சரித்தார்.

நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று ஆணையிட்ட ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "நீ பொய் சொல்லுகிறாய். பாருக்கு உன்னைத் தூண்டிவிடுகிறான்" என்றார்கள். சாதகமான பதில் வந்திருந்தால் எரேமியா பெரிய தீர்க்கதரிசி! பாதகமாக வந்ததும் பொய்யன்! எரேமியாவையும் பாருக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எகிப்திலுள்ள தக்பானேஸ் மட்டும் போனார்கள்.

இது கட்டுக்கதை அல்ல. தக்பானேஸ் என்று கருதப்படும் டெல் டெபென்னே என்ற மேட்டை 1886-ஆம் வருஷம் பெட்ரி என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் தோண்டினார். கோட்டை போன்ற ஒரு கட்டிடத்தையும் அதன் முன்னே செங்கல் தளத்தையும் கண்டார். நேபுகாத்நேச்சார் தன் ஆட்சியின் 37-ஆம் வருஷத்தில் எகிப்தின்மேல் படையெடுத்ததைக் குறிக்கும் உடைந்த களிமண் பலகை ஒன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது ஏறக்குறைய கி.மு. 568. யாருக்குப் பயந்து ஓடினார்களோ அவனுடைய சேனை அவர்கள் ஓடிப்போன தேசத்துக்கே வந்தது.

அவர்கள் செய்த பாவம் என்ன? அவர்கள் கேட்டது தப்பு அல்ல. எகிப்து என்ற ஊர் தப்பு அல்ல. குழந்தை இயேசுவையே யோசேப்பு எகிப்துக்குத்தான் கொண்டுபோனார். முடிவெடுத்துவிட்டு, அதின்மேல் முத்திரை குத்தத் தேவனைக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அதுதான் பாவம். அவர்களுக்கு வேண்டியது பதில் அல்ல, சம்மதம்.

4. சொல்லிவிட்ட சித்தமும் இன்னும் சொல்லாத சித்தமும்

தேவசித்தத்தை இரண்டு பங்காகப் பார்க்கலாம். ஒன்று, வேதத்தில் ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்ட சித்தம். நாம் பரிசுத்தமாய் இருக்கவேண்டும் (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செலுத்தவேண்டும் (5:18). நன்மை செய்து, புத்தியீனர் வாயை அடக்கவேண்டும் (1 பேதுரு 2:15). நியாயம் செய்யவேண்டும், இரக்கத்தை நேசிக்கவேண்டும், தாழ்மையாய் நடக்கவேண்டும் (மீகா 6:8). சகோதரனுக்கு நம்பேரில் குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகவேண்டும் (மத்தேயு 5:23,24). இவற்றுக்கு உபவாசம் போட்டு "ஆண்டவரே, உமது சித்தமா?" என்று கேட்க வேண்டியதே இல்லை.

மற்றது, வேதத்தில் பெயர் சொல்லி எழுதப்படாத காரியங்கள். இந்த வேலையா, அந்த வேலையா? இந்த மாப்பிள்ளையா? வீடு கட்டலாமா? பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

நம் ஜெபங்களில் எவ்வளவு நேரம் இரண்டாவதற்குப் போகிறது, எவ்வளவு நேரம் முதலாவதற்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். இப்போது என்னுடைய கதையைச் சொல்லுகிறேன்.

நான் வாரநாளில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். 2011-ஆம் வருஷம் பைபாஸ் ரோட்டோரம் ஒரு மனை விலைக்கு வந்தது. ஆசை வந்துவிட்டது. அட்வான்ஸ் 1,75,000 ரூபாய் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டேன். போட்ட பிறகு மூன்று நாள் உபவாசம்! வேதத்தைத் திறந்தேன், யோசுவா முதலாம் அதிகாரம் வந்தது, கால் மிதிக்கும் இடத்தைத் தருவேன் என்ற வாக்குத்தத்தம். அல்லேலூயா என்று எழுந்துவிட்டேன். என் மனைவி, "எதுக்கும் ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாத்துருங்க" என்றாள். "அவிசுவாசமாப் பேசாதே" என்று கடிந்துகொண்டேன்.

அந்த மூன்று நாளும் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் என் அண்ணன் முகம் கண்முன்னே வந்தது. அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததில் மனஸ்தாபம். நாலு வருஷமாய்ப் பேச்சு இல்லை. நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, அது வேற விஷயம். இப்ப இந்த மனையைப் பத்திச் சொல்லும்." ஆவியானவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர் சொன்ன பதிலுக்கு நான் செவிகொடுக்கவில்லை.

மனையில் பெரிய வில்லங்கம் இருந்தது. கொடுத்த பணம் திரும்பவில்லை. அது போகட்டும். மறு வருஷம் கர்த்தர் என் இருதயத்தை உடைத்தபோது, ஒரு சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு முன்பே அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மதினி கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். "அண்ணே" என்றேன். இடது கையால் என் கையைப் பிடித்தார். அதன்பின் அவர் உயிரோடிருந்த ஒரு வருஷமும் வாரந்தோறும் போய் வேதம் வாசித்து ஜெபித்தேன். ஒப்புரவானோம், ஸ்தோத்திரம். ஆனால் என் அண்ணன் பேசும் சத்தத்தை அதற்குப்பின் நான் கேட்கவே இல்லை. தெரிந்த சித்தத்தைத் தள்ளிப்போட்டதற்கு நான் கொடுத்த விலை அது. மனைக்குக் கொடுத்ததைவிடப் பெரிய விலை.

பிரியமானவர்களே, தெரியாததைத் தெரிந்துகொள்ள அலைகிறோம். தெரிந்ததைச் செய்யாமல் வைத்திருக்கிறோம். கையில் கொடுத்த கடிதத்தைப் பிரித்துப் படிக்காத பிள்ளைக்கு அப்பா அடுத்த கடிதம் எழுதுவாரா?

5. சொல்லாத காரியங்களில் எப்படி நடப்பது?

முதலாவது, சொந்த விருப்பத்தைக் கீழே வைக்கவேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் 10,000-க்கும் அதிகமான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் (1805-1898) தேவசித்தத்தை அறிய முதல் படியாக இதைத்தான் செய்தார். அந்தக் காரியத்தில் தன் இருதயத்துக்கு எந்தச் சொந்த இஷ்டமும் இல்லாத நிலைமைக்கு முதலில் வருவார். நம் ஆண்டவரும் கெத்செமனேயில் தம்முடைய விருப்பத்தைப் பிதாவின் விருப்பத்துக்குக் கீழே வைத்தார். "வேண்டாம்" என்ற பதிலையும் வாங்கிக்கொள்ள ஆயத்தமான பிறகு கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள், கொடுத்தபின் அல்ல.

இரண்டாவது, வேதத்துக்கு விரோதமான எதுவும் தேவசித்தம் அல்ல. பொய் சர்டிபிகேட் கொடுத்துச் சேருகிற வேலைக்காக இரவு முழுவதும் ஜெபித்தாலும் அது தேவசித்தம் ஆகாது. வரதட்சணைக்குப் பேரம் பேசிக்கொண்டே "கர்த்தர் குறித்த சம்பந்தம்" என்று சொல்லக்கூடாது.

மூன்றாவது, தனியாய் முடிவெடுக்காதிருங்கள். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பவுலை ஆசியாவுக்குப் போகவிடாமல் ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்கும் விடவில்லை. துரோவாவிலே இராத்திரியில் தரிசனம் கிடைத்தது. தரிசனத்தைக் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் தேவன் அழைத்தார் என்று நிச்சயித்தது "நாங்கள்" என்று எழுதியிருக்கிறது. கூட இருந்தவர்களும் சேர்ந்தே நிச்சயித்தார்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணக்கூடாது, அதே சமயத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ஒரே இடத்தில் பவுல் எழுதுகிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20,21). யாராவது வந்து "இவளைத்தான் நீ கட்டவேண்டும் என்று கர்த்தர் சொன்னார்" என்றால், உங்கள் பெற்றோரிடமும் சபை மூப்பரிடமும் பேசாமல் தலையாட்டாதிருங்கள். மனைவி சொல்லுகிற புத்தியையும் தள்ளாதிருங்கள். அனுபவித்தவன் சொல்லுகிறேன்!

நான்காவது, திறந்த கதவு எல்லாம் தேவன் திறந்த கதவு என்று எண்ணாதிருங்கள். யோனா யோப்பாவுக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராய் நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. எல்லாம் கூடிவந்தது; ஆனால் அது கீழ்ப்படியாமையின் கப்பல். அதுபோலக் கஷ்டம் வந்தால் தேவசித்தம் தப்பிவிட்டது என்றும் எண்ணாதிருங்கள். தரிசனம் கண்டு பிலிப்பிக்குப் போன பவுலுக்கு அங்கே கிடைத்தது அடியும் சிறைச்சாலையும்!

ஐந்தாவது, முழு வழியும் தெரியட்டும் என்று உட்கார்ந்திராமல், முன்னே இருக்கிற கடமையைச் செய்யுங்கள். நம் திருநெல்வேலிச் சீமை அறிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலை காரணமாய் அனுப்பவில்லை. 1893-இல் ஜப்பானுக்குப் போனார்; சுகவீனத்தால் அங்கே நீடிக்கமுடியவில்லை. சிலோனில் கொஞ்சகாலம் இருந்தார். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1901-இல் கோவிலுக்கென்று ஒப்படைக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். அவளைச் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்துதான் டோனாவூர் பிள்ளைகள் ஊழியம் வளர்ந்தது. 1951-இல் மரிக்கும்வரை ஒருமுறைகூட சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. இந்த ஊழியத்தின் வரைபடம் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினபோது அவர் கையில் இல்லை. வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் இருந்தார், அவ்வளவுதான். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கிறது தேவசித்தம் என்று யாக்கோபு முதலாம் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறதே!

6. தப்பிப்போனவர்களுக்கு

"பாஸ்டர், நான் ஏற்கெனவே தப்பான முடிவெடுத்துட்டேனே, இனி என்ன செய்ய?" என்று சிலர் உள்ளத்தில் அழுகிறதை அறிவேன். எரேமியா 43:8-ஐப் படியுங்கள். கர்த்தருடைய வார்த்தை தக்பானேசிலே உண்டாயிற்று! போகவேண்டாம் என்று சொன்ன இடத்துக்கே அவருடைய வார்த்தையும் கூடப் போனது. அந்த ஜனங்கள் அங்கேயும் கேட்கவில்லை. அது அவர்கள் துக்கம். ஆனால் நீங்கள் எந்த எகிப்தில் இருந்தாலும் அவர் இன்னும் பேசுகிறார். போன பணம் வராமல் போகலாம், போன வருஷங்களும் வராமல் போகலாம். இன்றைக்குக் கீழ்ப்படிய இன்றைய கிருபை உண்டு.

அந்தச் சகோதரியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுவாரம் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். "பாஸ்டர், வேண்டாம்னு பதில் வந்துருமோன்னு பயந்துதான் நான் ஆண்டவர்கிட்ட கேக்கவே இல்ல. அவளை உங்ககிட்ட அனுப்பினேன்" என்றார் சகோதரர். அவர்கள் எடுத்த முடிவை இங்கே எழுதமாட்டேன், அது அவர்கள் குடும்பக் காரியம். ஆனால் கல்யாணம் ஆனது முதல் அன்றைக்குத்தான் இருவரும் ஒன்றாய் முழங்கால்படியிட்டார்கள் என்று அவர்களே சொன்னார்கள். டிக்கெட்டை நடுவிலே வைத்து, "ஆண்டவரே, இது உம்முடையது" என்று ஜெபித்தார்கள். தேவசித்தம் அங்கே ஆரம்பித்துவிட்டது என்று விசுவாசிக்கிறேன்.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்:

- நான் இப்போது ஜெபிக்கிற காரியத்தில் "வேண்டாம்" என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளுவேனா?
- கர்த்தர் ஏற்கெனவே சொல்லி, நான் செய்யாமல் வைத்திருக்கிற காரியம் எது? யாரிடம் பேசவேண்டும்? எந்தக் கடனைத் தீர்க்கவேண்டும்?
- இந்த வாரமே அதைச் செய்ய நான் எடுத்துவைக்கும் முதல் அடி என்ன?

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, என் முடிவுகளுக்கு உம்முடைய கையெழுத்தைக் கேட்ட நாட்களை மன்னியும். நீர் சொன்னதைச் செய்ய இன்றைக்கு என் கால்களைத் திருப்பும். நீர் சொல்லாததற்குக் காத்திருக்கப் பொறுமை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக!